ரிப்பனுக்கு மை ஊற்றிய சகாயமேரி

செய்தி வந்தபோது என் கை இரண்டும் கறுப்பாக இருந்தன. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. புது கார்ட்ரிட்ஜ் வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, சிரிஞ்சில் மையை உறிஞ்சி, கார்ட்ரிட்ஜின் தலையில் இருக்கும் துளையில் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டால் பொங்கிவிடும். அவசரப்பட்டேன், பொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விரலில் சுத்தமான இடமே இல்லாததால் மூக்கு நுனியால் தொட்டு எடுத்தேன். சகாயமேரியின் மகன் ஆன்டோ.

“அத்த, அம்மா போயிட்டாங்க அத்த.”

“எங்கடா போனா?” என்று கேட்டேன். அவள் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருப்பவள்தானே. அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டபிறகுதான் விளங்கியது. காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தவள், பையை மாட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்தாள் என்றதுமே வீட்டில் இருந்தவர்கள் பயந்துபோனார்களாம்.

உங்களில் பலருக்கு அவளைத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த சகாயமேரியாகத்தான் தெரியும். மனு அடிக்கப் போனால், நீங்கள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தாளை அடித்துவிட்டு, “அப்புறம்? சொல்லுங்க, சொல்லுங்க” என்று காலை ஆட்டிக்கொண்டிருப்பவள். நான் அதற்கு முன்பே அவளை அறிவேன். எண்பதுகளின் நடுவில், பாலக்கோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது. அது பாக்கியமில்லை, தொல்லை. இரண்டு மெஷினுக்கும் ஒரே நீள மேஜை. அவள் வலது கால் ஆடும், மேஜை ஆடும், என் வரி கோணிக்கொண்டு போகும். “ஏன்டி, பேய் புடிச்ச மாதிரி ஆட்டற?” என்று சீறுவேன். “ஆட்டலன்னா வெரல் ஓடமாட்டேங்குது புள்ள” என்பாள். இதைத் தவறாமல் தினமும் பேசிக்கொண்டோம்.

நான் காரிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது, மழை பெய்தால் கேழ்வரகும் கடலையும் இருக்கும். அவளுடைய தாத்தா காலத்தில் அவர்களுக்கும் நிலம் இருந்ததாம். அவள் காலத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பா இல்லை. அம்மா ஆரோக்கியம் வருஷத்தில் பாதி நாள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விடுவார், கலவை சுமக்க. மழைக்காலத்தில் திரும்புவார். சிமெண்ட் அவருடைய உள்ளங்கையைத் தின்றிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தால் காரம் எரியும். தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கைகளில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்வார். அந்த எண்ணெய்ப் புட்டியை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் ரிப்பன் விஷயத்தில் கல்நெஞ்சக்காரர். எழுத்து மங்கிப் போய், நாங்கள் மெஷினைக் குத்து குத்தென்று குத்துகிற வரைக்கும் புது ரிப்பன் மாற்றமாட்டார். சகாயமேரி ஒருநாள் அவர் முன்னால் போய் நின்றாள். தூக்கிப்போடுகிற ரிப்பனை எல்லாம் என்னிடம் கொடுங்கள், வீட்டில் மை ஊற்றிக் கொண்டுவருகிறேன், அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு மணிநேரம் கூடுதலாக அடிக்க விடுங்கள் என்றாள். மாஸ்டர் சிரித்தார். “செத்த ரிப்பனுக்கு உசுரு குடுக்கப் போறியா?” என்று கேட்டார்.

“சாவலிங்க மாஸ்டர், காஞ்சிருக்குது. நனச்சா எல்லாம் புதுசுதான்” என்றாள். இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

முதலில் ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றுகிற மையை ஊற்றிப் பார்த்தாள். ஊதா நிறத்தில் அழகாக விழுந்தது, மறுநாளே காய்ந்து மொடமொடத்தது. பிறகு மாதா கோயில் பங்குச் சாமியார் வீட்டுப் பக்கம் கண் வைத்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுப்பார்கள். பிழிந்து எறிந்த மை டியூப்களைக் கேட்டு வாங்கி வந்து, பிளேடால் கீறி, உள்ளே ஒட்டியிருந்த கறுப்புக் களிம்பை வழித்தெடுத்தாள். அது கெட்டி. இளக்குவதற்கு எண்ணெய் வேண்டும். அம்மாவின் விளக்கெண்ணெய்ப் புட்டி கண்ணில் பட்டது.

அது சரியாக வந்தது. மையும் எண்ணெயும் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ரிப்பனில் தடவி, வாசலில் துணிக்கொடி மாதிரி இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி ஊறவிடுவாள். பிறகு சுற்றி டப்பாவில் அடைப்பாள். ஆடி மாதம் ஒரு காற்று அடித்து, ஒரு நீள ரிப்பன் அறுத்துக்கொண்டு பறந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. அதை நன்றாகச் சுற்றிக்கொண்டுதான் ரிப்பன் நின்றது. அந்த வருஷம் அந்தப் பிள்ளை இடுப்பில் அகலமான நீலப் பட்டி கட்டி முதல் நன்மை வாங்கியது. படத்தில் இன்றைக்கும் அது ஒரு அலங்காரம் என்று நினைத்துப் பார்க்கிறார்கள்.

ஆரோக்கியம் அம்மாவின் கோபம் வேறு. புட்டி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. “என் கைக்கு வெச்சத எடுத்து அந்தப் பட்டைக்கு ஊத்தறியே, அது என்ன உனக்குச் சோறு போடுமா?” என்று ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

“போடும்மா.”

“எப்ப?”

சகாயமேரி பிரஷ்ஷை மையில் தோய்த்தாள். கால் ஆடியது. அந்த வீட்டில் ஒரு பேச்சு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. டைப்பிங்கில் லோயர் பரீட்சை பாஸ் செய்திருந்தாள். ஹையர் பரீட்சை ஒரு தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் அம்மாவோடு பெங்களூருக்குக் கிளம்பவேண்டும், கலவைச் சட்டி தூக்க. பாஸ் ஆனால் பாலக்கோட்டிலேயே ஏதாவது ஆபீசிலோ கடையிலோ டைப் அடிக்கப் போகலாம். அம்மா கொடுமைக்காரர் இல்லை. ஒரு ஆள் கூலியில் அந்த வீடு ஓடவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படிக் கத்தி ஏதும் தலைக்கு மேல் இல்லை. போனால் அடுத்த தடவை. அதனால்தானோ என்னவோ நான் நிதானமாக அடித்தேன். அவள் மெஷினோடு சண்டை போடுகிறவளைப் போல் அடித்தாள்.

அப்போதெல்லாம் பரீட்சைக்கு மெஷினை நாம்தான் கொண்டுபோகவேண்டும். தர்மபுரியில் சென்டர். தக்காளி மண்டியில் சரக்கை இறக்கிவிட்டுத் தர்மபுரிப் பக்கம் திரும்புகிற டிராக்டர் ஒன்றை மாஸ்டர் பிடித்தார். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மெஷின்களை வரிசையாக வைத்து, மேலே கோணி போட்டுக் கட்டுவோம். பரீட்சைக்கு மட்டும் மாஸ்டர் கை தாராளமாகும், எல்லா மெஷினுக்கும் புது ரிப்பன். முதல்நாள் சாயங்காலம் அவற்றை மாட்டுகிற வேலை சகாயமேரியுடையது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். தன் மெஷினில் ஒரு வரி அடித்துப் பார்த்தாள். இன்னொரு வரி அடித்தாள். முகம் சுருங்கியது.

“புதுசுன்னு பேரு. கடையில காஞ்சு கெடந்திருக்குது புள்ள, பாரு, வெளுத்து விழுவுது.”

எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. சொன்னேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

“வேணாம்டி. மாஸ்டர் கை வெக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“ஒரே ஒரு சொட்டு. ஸ்பூல் மேல விட்டா உள்ள எறங்கிடும்.”

ஒரு சொட்டு விட்டாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். எதையாவது செய்யாமல் அந்தச் சாயங்காலத்தை அவளால் தாண்ட முடியவில்லை. மேலும் ஒரு சொட்டு விட்டாள் என்று பின்னால் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் தர்மபுரி ரோட்டில் வெயில் கோணியைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. மெஷினைத் தொட்டால் சுட்டது. அந்தச் சூட்டில் எண்ணெய் ரிப்பன் முழுக்கப் பரவிவிட்டது. ஹாலில் மணி அடித்தது. ஸ்பீடு பேப்பர், நிறுத்தக்கூடாது, அழிக்கக்கூடாது. எனக்குப் பக்கத்தில்தான் அவள். கொஞ்ச நேரத்தில் என் மேஜை ஆடாமல் இருப்பது எனக்கு உறைத்தது. அவள் கால் ஆடவில்லை. அடித்துக்கொண்டே கடைக்கண்ணால் பார்த்தேன். அவள் தாளில் இங்கிலீஷ் ஓவும் ஈயும் ஏவும் வயிறு அடைத்துக் கறுப்புப் புள்ளிகளாக விழுந்துகொண்டிருந்தன. தாளில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியது. அவள் நிறுத்தவில்லை. தப்பில்லாமல், நல்ல வேகத்தில், யாராலும் படிக்க முடியாத ஒரு பக்கத்தை அடித்து முடித்தாள். தாளை வாங்கிய சூப்பர்வைசர் தன் விரலைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

திரும்பும்போது டிரெய்லரில் நாங்கள் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தோம். அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம், அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. “உனக்கு எதையும் வெச்ச எடத்துல வெக்கத் தெரியாதா? எதையாவது நோண்டணுமா?” என்று கத்தினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அம்மா கைக்கு இருந்த எண்ண புள்ள அது. கடைசிச் சொட்டு” என்றாள். 

ரிசல்ட் வந்தது. நான் பாஸ், அவள் இல்லை. ரிசல்ட் பேப்பரை அம்மாவிடம் அவளே படித்துக் காட்டினாள். அடுத்த வாரமே பெங்களூர் பஸ்ஸில் ஏறினார்கள். நான் வழியனுப்பப் போனேன். பஸ்ஸில் சீட் இருந்தும் அவள் உட்காரவில்லை. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போயிருப்பாள், எனக்குத் தெரியும்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள். அது பெரிய கட்டடம். கீழே தகரக் கொட்டகையில் கம்பெனியின் சைட் ஆபீஸ். கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறும்போதெல்லாம் கீழிருந்து டைப் அடிக்கிற சத்தம் வரும். “அடிக்கற அடியிலயே தெரிஞ்சுபோச்சு புள்ள. ஆணி அடிக்கற மாதிரி அடிக்கறான். ரிப்பன் காஞ்சிருக்குது.” எத்தனை நாள் பொறுப்பாள்? சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சிமெண்ட் கையோடு நேராகக் கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டாள். கிளார்க் கன்னடக்காரர். “ஏனம்மா? ஏனு பேக்கு?” என்று கேட்டார். என்னம்மா, என்ன வேண்டும் என்று. இவளுக்குக் கன்னடம் அரைகுறை. மெஷினைக் காட்டி, ரிப்பனைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் இவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஸ்டூலைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். நல்ல மனிதர். கடைசியில் புரிந்துகொண்டு ரிப்பனைக் கழற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கடையில் மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கி, எங்கோ மை தேடிப்பிடித்து, தங்கியிருந்த தகரக் குடிசையின் வாசலில் ரிப்பனைக் கட்டினாள். ஒரு ரிப்பன் இரண்டானது. அந்தத் தெருவில் இருந்த ஆபீஸ்கள் எல்லாம் கொடுத்தனுப்பத் தொடங்கின. சட்டி தூக்குவது குறைந்தது, பிறகு நின்றது. சைட் ஆபீசில் கூலியாட்களின் வருகைப் பட்டியலான மஸ்டர் ரோல் அடிக்கவும் உட்கார வைத்தார்கள். கட்டடம் முடிந்து கொட்டகையைப் பிரித்தபோது, மூலையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைக் கிளார்க் எடுத்துப்போகச் சொன்னார். அதில் எக்ஸ் விழாது. எக்ஸ் யாருக்கு வேண்டும்?

அவள் திரும்பி வந்த நாளை நான் மறக்கமாட்டேன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். எல்லோரும் இறங்கினார்கள், ஆரோக்கியம் அம்மா இறங்கினார், இவளைக் காணோம். ஏறிப் பார்த்தால், மடியில் மெஷினை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கூரை மேல் போட்டால் உடைந்துவிடும் என்று பெங்களூரிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். மெஷினை நான் தூக்கிக்கொண்டேன். அவளால் எழ முடியவில்லை.

“காலு மரத்துப்போச்சு புள்ள. ஒக்காந்து ஒக்காந்து பழக்கமில்ல பாரு” என்று சிரித்தாள். கண்டக்டர் கத்த, டிரைவர் ஹாரன் அடிக்க, கம்பியைப் பிடித்து நொண்டிக்கொண்டு இறங்கினாள். கீழே நின்றிருந்த அவள் அம்மா அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மை. “இந்தக் கறுப்பு இருக்கட்டும். என்னுது மாதிரி வெடிக்கல இல்ல, அது போதும்” என்றார். அவருடைய கையை நான் அப்போது பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு கடை. ஒரு மேஜை, அந்த எக்ஸ் இல்லாத மெஷின், நான் வாடகைக்கு எடுத்த மெஷின் ஒன்று. எனக்கு அரசு வேலை கிடைக்கும் வரை அங்கேதான் இருந்தேன், மறுபடியும் அவளுக்குப் பக்கத்தில், மறுபடியும் ஆடுகிற மேஜையில். ஹையர் பரீட்சையை அடுத்த தடவை பாஸ் செய்தாள். முதல்நாள் சாயங்காலம் அவள் பையைச் சோதித்து எண்ணெய்ப் புட்டியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாஸ் ஆனாலும் சர்க்கார் ஆபீஸ் பக்கம் அவள் போகவில்லை. “ஒரே நாற்காலியில அறுவது வயசு வரைக்கும் ஒக்கார என்னால ஆவாதுப்பா” என்றாள். நான் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் வந்தபோது ஊரில் எல்லா டைப்பிங் கடைக்காரர்களும் கலங்கினார்கள். அவள் பிரிண்டரைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுலயும் மை தானே புள்ள?” என்றாள். மருந்துக் கடையில் சிரிஞ்ச் வாங்கி கார்ட்ரிட்ஜுக்கு மை ஏற்ற என் வீட்டு மேஜையில்தான் பழகினாள். என் மேஜை விரிப்பு இரண்டு போச்சு. அதற்குப் பிறகு என் பிரிண்டரில் மை தீரும்போதெல்லாம் அவளுக்குப் போன் செய்வது பழக்கமாகிவிட்டது. அவள் அந்தப் பக்கம் நடந்துகொண்டே, “அவசரப்படாத, அவசரப்படாத” என்பாள். யார் யாருக்குச் சொல்வது என்று திட்டுவேன். செய்தி வந்த அன்றைக்கும் அவளுக்குப் போன் செய்திருக்கவேண்டும். தனியாகவே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். மை போகவில்லை. அவளை மாதா கோயிலுக்கு எடுத்துப்போவதற்கு முன் முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை, மார்பில் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். யாரோ நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். விரல்கள் வெளுத்து, நகக்கண் சுத்தமாக இருந்தது. எனக்கு அவளுடைய முகத்தைவிட அந்தக் கைகள்தான் அந்நியமாக இருந்தன. அந்தக் கால் ஆடாமல் இருந்ததைப் பார்க்க முடியாமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் முறை வந்தபோது அந்த ஈரக் கையைப் பிடித்தேன். விடத் தோன்றவில்லை. பின்னால் நின்றவர்கள் தோளைத் தொட்ட பிறகுதான் விட்டேன்.

என் விரல் மை ஈரத்தில் கரைந்து அவள் விரல்களில் இறங்கியிருந்தது. ஆள்காட்டி விரலில், நகத்தில், கொஞ்சம் வெள்ளைப் புடவையிலும்.

ஆன்டோ துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். “அத்த, கறை…”

“இருக்கட்டும்டா. இப்பதான் உங்கம்மா மாதிரி இருக்கறா.”

அவன் என்னைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அப்படியேதான் பெட்டியை மூடினார்கள்.

அந்த மெஷின் ஆன்டோவிடம் இருக்கிறது, இருக்கட்டும். எனக்கு வந்திருப்பது வேறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேஜை ஆடுகிறது, குனிந்து பார்த்தால் என் வலது கால். மேஜை மேல் அன்றைக்குப் பாதியில் விட்ட கார்ட்ரிட்ஜ் மை காய்ந்து கிடக்கிறது. தூக்கிப்போடவில்லை. நனைத்தால் புதுசுதான் என்று அவள் சொல்லியிருக்கிறாள், நனைத்துப் பார்க்கவேண்டும். என் வலது கை நகக்கண்ணில் அந்த மை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மிச்சம் அவளிடம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது இடது கையால்தான் கழுவுகிறேன்.